மாடு வரும் நேரம்

கார்பேத்திய மலைச்சரிவில் வெயில் பழுத்துக் கிடக்கிறது. ஊர் மந்தை இறங்கும் நேரம். மரப்பாலத்தின் கைப்பிடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலாட்டுகிறார்கள். அவரவர் மாட்டை ஓட்டிப்போக வந்தவர்கள், ஆளுக்கொரு குச்சி. சவேத்தாவின் கையிலும் ஒன்று, புதிதாகப் பட்டை உரித்தது. தொயாதெர் பிளம் கொட்டையை ஓடையில் துப்புகிறான். "ஏய் சவேத்தா, உங்க மாட்டைத்தான் போன வாரமே வித்தாச்சே, நீ எதுக்குடி வந்தே?" ஆடிய கால்கள் நிற்கின்றன. அவள் காது மடல் சிவக்கிறது. மணியோசை நெருங்க, புழுதியும் பால்வாடையும் பாலத்தை மூடுகின்றன. தொயாதெர் வீட்டுச் செவலை முதலில் வருகிறது. அவனை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து, தெருக்கோடியில் தன் வீட்டுப் படலைக் கொம்பால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறது. "நீ எதுக்குடா வந்தே?" என்கிறாள் சவேத்தா. பாலம் அதிரச் சிரிக்கிறார்கள், தொயாதெரும்தான். மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் வீடுகளுக்குள் திரும்பிவிடுகின்றன. குச்சிகள் மடியிலேயே கிடக்க, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து தொயாதெரின் அம்மா குரல் கொடுக்கிறாள்: "டேய், மாடு வந்து நிக்குது, நீ எங்கடா?" அவன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து இன்னொரு பிளம் பழத்தை எடுத்துச் சவேத்தாவிடம் நீட்டுகிறான்.