மூன்று மடிப்பு

வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் தைத்தால் ஆறே மாதத்தில் அது கரித்துணிதான் என்பது அவள் கட்சி. அதனால் மகளின் கவுனுக்குக் கீழே, உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைப்பாள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒன்றைப் பிரித்துவிட்டால் நீளம் சரியாகிவிடும். பிரித்த நூலைத் தீக்குச்சியில் சுற்றி வைப்பது மகளின் வேலை.

கடைசியாகத் தைத்த நீலக் கவுனை மகள் ஒரே ஒருமுறைதான் போட்டாள். நாலு வயது முடிந்த வாரம் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். கவுன் மூன்று மடிப்போடு பீரோவுக்குள் போனது.

மறு வருடம் மகளின் பிறந்தநாளன்று அதை வெயிலில் போட எடுத்தபோது, ஒரு மடிப்பு பிரிந்திருந்தது.

"நீங்களா பிரிச்சீங்க?"

"சட்டைக்கு பட்டன் தைக்கவே உன்னைக் கூப்பிடுற ஆளு நான்," என்றார் கணவர். "பூச்சி அரிச்சிருக்கும்."

பூச்சி அரித்தால் துணியும் போயிருக்கும். மடிப்பைத் திரும்பத் தைத்து, பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் திறந்தால் மடிப்பு மறுபடி பிரிந்திருந்தது. கவுனின் மேல் ஒரு தீக்குச்சி, நூல் சுற்றியபடி கிடந்தது.

அடுத்த வருடம் இரண்டாவது மடிப்பு பிரிந்தது. இந்த வருடம் மூன்றாவது. இனிப் பிரிக்க ஒன்றுமில்லை.

அவள் புதுத்துணி வாங்கிவந்து தரையில் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தபோது கணவர் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மடிப்பை நாலா வை," என்றார். "அவ என்னை மாதிரி. நெடுநெடுன்னு வளருவா."