நெஞ்சுக்குள் கரண்ட்

“கரண்டிலதான் பிழை,” என்றார் டொக்டர், மேசையில் சுருண்டு கிடந்த நீள ஈ.சி.ஜி. காகிதத்தை விரித்துப் பார்த்தபடி.

கதிரையின் நுனியில் இருந்த சோமநாதனுக்குத் திக்கென்றது. அந்தக் கரண்ட் யார் கையால் போனதென்று அவருக்குத்தானே தெரியும்.

கட்டிலில் சட்டையில்லாமல் படுத்திருந்தான் பாலசிங்கம். நயினாதீவு லோஞ்சுப் படகுக்கு ரிக்கெற் கிழிக்கிற பிள்ளை, இருபத்திமூன்று வயது. கொஞ்ச நாளாக, இறங்குதுறையில் ஒரு மூட்டையைத் தூக்கினாலே அவனுக்கு நெஞ்சு படபடத்தது; இடையில் ஒரு துடிப்புத் தவறிக் கண் இருண்டது. நேற்று அப்படியே சாய்ந்துவிட்டான். தாய் நாகமுத்து கதறிய கதறலைக் கேட்டு, சோமநாதன் தன் தேத்தண்ணிக்கடையைப் பூட்டிப்போட்டு, இன்று முதலாவது லோஞ்சிலேயே அவனை யாழ்ப்பாணம் கூட்டிவந்துவிட்டார்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு, வெளிச்சம் போட லைற் எஞ்சின் கொடுப்பது சோமநாதன்தான். மூன்று வருடத்துக்கு முந்திய தேரன்று, எஞ்சின் ஓடுவதை மறந்து, “தம்பி, இதை ஒருக்காப் பிடி” என்று ஒரு வயரை அவர் நீட்டினார். வாங்கிய பாலசிங்கம் கரண்ட் அடித்து வெள்ளை மணலில் தூக்கி எறியப்பட்டான். அந்த நாளில் அவன் வேலிக்கம்பு மாதிரி இருப்பான். ஓடிவந்த சனத்திடம், “தடக்கி விழுந்திட்டன்” என்று சொல்லி அவரைக் காப்பாற்றியதும் அவன்தான்.

அம்மாள் மன்னித்தாலும் சோமநாதனின் மனம் அவரை மன்னிக்கவில்லை. அடுத்த நாளே தொடங்கிவிட்டார். காலையில் நெய் விட்ட புட்டு. பிறகு வடையும் சீனி தூக்கலாகப் போட்ட பால் தேத்தண்ணியும். பின்னேரம் பயற்றம் உருண்டை. எல்லாவற்றையும் அவரே ரிக்கெற் கொடுக்கும் சின்னக் கூட்டுக்குக் கொண்டுபோய், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

பாலசிங்கம் முதலில் அவருடைய முகத்தைப் பார்ப்பான். பிறகுதான் தட்டைப் பார்ப்பான். வெறுந்தட்டைத் திரும்ப வாங்கும்போதுதான் சோமநாதனுக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

“இவனை நடுவில இருத்துங்கோ, லோஞ்சு சரியப்போகுது!” என்று லோஞ்சு ஓட்டுகிறவர் பகிடி பண்ணுவார்.

“கண்ணூறு படுத்தாதையும், வளர்ற பிள்ளை!” என்று சோமநாதன் சீறுவார்.

இப்போது அவர் எழுந்து டொக்டருக்கு முன்னால் நின்றார். “ஐயா, ஒருக்காக் கரண்ட் அடிச்சால், அது வருசக்கணக்கா உள்ளுக்கை நிண்டு, பிறகு வேலையைக் காட்டுமோ?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன், கரண்ட் என்ன உம்மட மச்சானோ, வந்தால் போகாமல் நிக்க?”

சோமநாதன் சிரிக்கவில்லை. “விடுங்கோ அண்ணை” என்று கட்டிலில் கிடந்தவன் தடுக்கத் தடுக்க, தேரன்று நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“அதுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை,” என்றார் டொக்டர். “எல்லாற்ற நெஞ்சும் தன்ரபாட்டில சின்னதா ஒரு கரண்ட் உண்டாக்கித்தான் துடிக்குது. அதைத்தான் இந்த மெசின் கீறிக் காட்டுது. உடம்பு பருக்கப் பருக்க நெஞ்சுக்குப் பாரம் கூடும், கரண்ட் தடுமாறும். இளம் ஆக்களெண்டு அது பார்க்காது.”

‘அம்மாளாச்சி!’ சோமநாதன் கண்ணை மூடினார். மூன்று வருடமாகச் சுமந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது.

“இனிச் சொல்லும் தம்பி, ஆர் உமக்கு இப்பிடிச் சாப்பாடு தீத்துறது?” டொக்டர் கட்டிலின் பக்கம் திரும்பினார். “ உடம்பைக் குறைச்சால் இது வழிக்கு வரும். இல்லாட்டில் இந்த நெஞ்சு ஒருநாள் நிண்டாலும் நிக்கும்.”

பாலசிங்கம் கூரையைப் பார்த்தான். “வீட்டுச் சாப்பாடுதான் ஐயா.”

“வீட்டுச் சாப்பாடோ? கொம்மா என்ன, தினமும் கலியாணவீடோ நடத்துறா?”

மூடிய கண்ணைத் திறக்கச் சோமநாதனுக்குத் துணிவு வரவில்லை.

திரும்பும்போது, லோஞ்சு பிடிக்கக் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் மடத்துவெளியைத் தாண்டியது. கடல் தெரிந்ததும் சோமநாதன் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“கரண்ட் உன்னை விட்டிட்டுதடா தம்பி. நான்தான் விடேல்லை. செய்த பிழைக்குப் பரிகாரமெண்டு, அதைவிடப் பெரிய பிழையைச் செய்துபோட்டன். ஒருநாளாவது வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே. உனக்கென்ன, அவ்வளவு பசியோ?”

பாலசிங்கம் அவருடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“பசியோ? உங்கட மனம் ஆறட்டுமெண்டுதான் சாப்பிட்டனான், அண்ணை.”