முழுப் பதிப்பு

"முப்பது நாள்தான் மாப்ள. அதுக்குள்ள நாட்டை விட்டுக் கிளம்பணும்."

பிரேம் சொன்னதைக் கேட்டு, வாய்க்குக் கொண்டுபோன தே தாரிக் டீயை அப்படியே மேசையில் வைத்தான் முபாரக். தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் மதியக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. இருவரும் பரமக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். முபாரக்குக்குப் பக்கத்துக் கட்டட வேலையில் சூப்பர்வைசர் உத்தியோகம். பிரேம் சரக்குக் கம்பெனி ஒன்றில் புரோகிராமர். இன்று காலை வரை.

"என்னடா சொல்ற? நேத்துகூட நல்லாத்தானே பேசிட்டு இருந்த?"

"இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாங்க. ஆறு பேர்ல அஞ்சு பேருக்குக் கடிதம். இங்க தங்குறதுக்கான வேலை பாஸையும் கேன்சல் பண்றாங்க."

"நீ என்ன தப்பு பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. எங்க வேலைக்கே தேவை இல்லாமப் போச்சு." பிரேம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "கப்பல், கண்டெய்னர், லாரி, எல்லாத்துக்கும் எங்ககிட்ட தனித்தனிப் பட்டியல் இருக்கு. ஒண்ணுல இன்னொண்ணு கலந்துடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைப், அதாவது தனி வகை, எழுதணும். உள்ள இருக்கிற கோடெல்லாம் ஒண்ணுதான், பேரை மட்டும் மாத்தி மாத்தி எழுதுவோம். இருநூறுக்கு மேல இருக்கு. அதைக் கட்டி மேய்க்கத்தான் நாங்க ஆறு பேர்."

"சரி, இப்ப என்ன ஆச்சு?"

"நாங்க எழுதுற கம்ப்யூட்டர் மொழியிலயே புதுசா ஒரு வசதி சேர்த்துட்டாங்க. பட்டியல்னு ஒரே ஒரு டைப் எழுதிட்டு, எதோட பட்டியல்ங்கிற இடத்தைக் காலியா விட்டுடலாம். கப்பல்னு நிரப்பினா கப்பல் பட்டியல். லாரின்னு நிரப்பினா லாரிப் பட்டியல். கலந்தா அதுவே பிடிச்சுக் குடுத்துடும். இருநூறு போய் ஒண்ணாச்சு."

"ஆறு பேர் போய் ஒருத்தர் ஆச்சு."

பிரேம் தலையாட்டினான்.

"யாருடா அதைச் செஞ்சது? உங்க கம்பெனியா?"

"இல்லடா. இந்த மொழி எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல. உலகத்துல யார் வேணும்னாலும் எழுதிச் சேர்க்கலாம். இதை எழுதினவன் பேர்கூடப் போட்டுக்கல. சம்பளமும் கிடையாது."

"சும்மா உட்கார்ந்துகிட்டு அடுத்தவன் சோத்துல மண்ணைப் போட்டிருக்கான்!"

"மூணு மாசமா சோதனைப் பதிப்பை என்கிட்டதான் குடுத்திருந்தாங்க. தப்பு கிடைச்சாத் தப்பிச்சோம்னு குடைஞ்சு குடைஞ்சு பார்த்தேன். காலையில பேர் போடாம ஒரு குறை எழுதிப் போட்டா, சாயங்காலத்துக்குள்ள அதை எழுதினவன் சரி பண்ணிடுவான். கடைசியில சொல்றதுக்கு ஒரு குறைகூட இல்ல. இன்னிக்கு முழுப் பதிப்பு வந்துருச்சு. திறந்து பார்க்கக்கூட விடல, கூப்பிட்டுட்டாங்க."

"வீட்டுல ரக்ஷனாவுக்குத் தெரியுமா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் பிரேமின் கண்கள் கலங்கின.

"எப்படிடா சொல்வேன்? எட்டாவது மாசம். ரெண்டு தடவை கலைஞ்சு, மூணாவதா நின்னது. பிளேன்லயே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சென்னையில அவளும் நல்ல வேலையில இருந்தவதான். எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தா. இங்க அவளுக்கு வேலை பாஸ் கிடைக்கல. நான் கிளம்பினா அவளும் கிளம்பணும்."

"வேற கம்பெனியில கேட்டுப் பாரேன்."

"எல்லா இடத்துலயும் இதே கதைதான் லா. அதை எழுதினவன் பொண்டாட்டி புள்ளையும் இப்படி நடுத்தெருவுல நிக்கணும் மாப்ள. அப்பத்தான் அவனுக்குப் புரியும்."

முபாரக் நண்பனின் தோளில் கைவைத்து, ரயில் நிலையம் வரை கூடவே நடந்தான்.

வீடு இருக்கும் பாசிர் ரிஸ் போய்ச் சேரும்வரை, எப்படி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான் பிரேம். எந்த வாக்கியமும் நிற்கவில்லை. ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் திறந்த பிறகும், வராந்தாவில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த ரக்ஷனாவின் முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவு மகிழ்ச்சியாக அவளைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"சீக்கிரமே வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"ரக்ஷி, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. வாங்களேன்!" கையைப் பிடித்து இழுத்துப்போய், சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியின் முன் உட்கார வைத்தாள். "சும்மாவே இருந்தா படிச்ச புரோகிராமிங் எல்லாம் மறந்துடுமோன்னு பயமா இருந்துச்சுங்க. நீங்க ஆபீஸ் போனதும் தினமும் உட்கார்ந்துடுவேன். நடக்காமப் போனா சிரிப்பீங்கன்னுதான் ஒரு வருஷமா சொல்லல. பேர்கூடப் போட்டுக்காமத்தான் எழுதினேன். இன்னிக்கு அவங்களே என் பேரைக் கேட்டு வாங்கிப் போட்டுட்டாங்க."

திரையில் அந்த மொழியின் முழுப் பதிப்பு அறிவிப்பு திறந்திருந்தது. புதிய டைப் வசதி என்ற முதல் வரிக்குக் கீழே, எழுதியவர்: ரக்ஷனா பிரேம்.

அவள் அவன் தோளில் முகம் சாய்த்துக் கேட்டாள்.

"உங்க ஆபீஸ்லயும் இதை எடுத்துக்குவாங்களாங்க?"