எட்டு வரை

தினமும் சாயங்காலம் மடியில் உட்காரவைத்து, தன் விரல்களாலேயே என் மகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அவள் தாத்தாதான். அதனால் பள்ளிக்கூடத்தில் அவள் எட்டோடு நிறுத்தித் திட்டு வாங்கினாள்.

பாக்கி இரண்டு விரலையும் அப்பாவின் இருபத்தாறாவது வயதிலேயே கார் கம்பெனி பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. கவனக்குறைவு என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதே மெஷினில் நிற்கவைத்தார்கள்.

அப்பா இறந்த காலையில் அவர் கைகளை ஈரத்துணியால் துடைத்தேன். மகள் எண்ணினாள்.

"அம்மா, பத்து இருக்கு!"

பத்துதான் இருந்தது. இரண்டு விரலில் மட்டும் சுருக்கமே இல்லை. நகக்கண்ணில் கிரீஸ் காயவில்லை, சூடும் ஆறவில்லை.

மாலையோடு வந்த கம்பெனி அதிகாரி கைகளைப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல பாருங்க. நம்ம கம்பெனி அப்படிப் பாத்துக்கிச்சு."

மகள் மறுபடி எண்ணினாள். எட்டோடு நிறுத்திக்கொண்டாள்.