காலி வண்டியின் துள்ளல்

பொன்னுத்துரையின் பிக்கப் வண்டி ரோட்டில் ஓடாது, துள்ளும். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. கடைசியில் புது ஷாக் அப்சர்பர் மாட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு மாதமாக ஒதுக்கிவைத்திருந்த பைபாஸில் ஏறினார்.

புது ஷாக் அப்சர்பர் மூச்சைப் பிடித்து அமுக்கியும் வண்டி துள்ளியது. வெட்கப்பட்டுப்போன ஷாக் அப்சர்பர், பக்கத்திலிருந்த பழைய பட்டை ஸ்பிரிங்கைக் கேட்டது.

"அண்ணே, நான் என்ன குறை வச்சேன்?"

"உன்மேல குறையில்ல தம்பி. வண்டி காலி. பின்னால கனம் இருந்தாத்தான் அடங்கும்."

உச்சி வெயிலில் ஓர் உடைந்த மைல்கல் வந்தது. பொன்னுத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். சட்டென்று துள்ளல் நின்றது. வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல் போனது.

"அப்படிப் போடு!" என்று அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

ஷாக் அப்சர்பருக்கோ உள்ளே எண்ணெய் சில்லிட்டது. அதன் தலைமேல் ஓர் ஆள் கனம்.

"அண்ணே, வண்டி எங்கயுமே நிக்கலையே. பின்னால யாரு?"

பட்டை மெல்ல முனகியது.

"போன மாசம் இந்தக் கல்லுகிட்ட ஒருத்தர் ரத்தத்தோட கையக் காட்டினாரு, ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கச் சொல்லி. கேஸாயிடும்னு பயந்து நாங்க நிக்கல. இன்னிக்கு அவரே ஏறிக்கிட்டாரு."