சிப்பின் மேல் சந்தனம்

ஏ.டி.எம்.மிலிருந்து கார்டு வெளியே வந்துவிட்டது. படிக்க முடியவில்லை என்கிறது திரை.

திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

சந்தனம்.

சிப்பின் மேல் காய்ந்து, பொருக்குத் தட்டிக் கிடந்தது. கிளம்பிய அன்று காலையில் கணவர் புதுக் கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தடவி, கற்பூரம் காட்டித்தான் அவள் கையில் கொடுத்தார். நல்லபடியாகப் போய்விட்டு வா என்றார்.

வியட்நாம் மெஷினுக்கு நம் ஊர் சம்பிரதாயம் எங்கே தெரியப்போகிறது!

நகத்தால் சுரண்டினாள். துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். சாமிக்கு வைத்த சந்தனமாயிற்றே என்று மனசு உறுத்தியது. மெஷினுக்கு முன்னாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்தடி தள்ளி ஜெசிந்தா டீச்சர் குடையோடு நின்றிருந்தாள். ஒரே பள்ளிக்கூடம், பதினொரு வருடப் பழக்கம். தன் வீட்டு மாடிக்கு மூன்று மாதமாக வாடகைக்கு ஆள் வரவில்லை என்று விமானத்தில் பாதி வழி புலம்பியவள்.

"சீக்கிரம் வாங்க டீச்சர். பரிசல்காரன் கூப்பிடுதான். ரொக்கம்தான் வாங்குவானாம்."

மறுபடியும் செருகினாள். இந்த முறை ரகசிய எண் கேட்டது. கொடுத்தாள்.

எவ்வளவு வேண்டும்?

இருபது லட்சம்.

அழுத்தும்போது விரல் கூசியது. இந்த ஊர்க் காசு அது, நம் பணத்தில் ஆறாயிரத்துச் சொச்சம்தான். இருந்தாலும் லட்சம் லட்சம்தானே. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

கணக்கில் போதிய பணம் இல்லை.

பத்து லட்சம்.

இல்லை.

ஐந்து.

இல்லை.

இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். இந்தப் பயணத்துக்காக விற்ற இரண்டு வளையல்களும் அங்கேதான் கிடந்தன. டிக்கெட் போக மீதிப் பணத்தை அவர்தான் கேட்டு வாங்கினார். ரொக்கத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் அலையாதே, உன் கணக்கில் கட்டிவிடுகிறேன் என்றார். மறுநாள், கட்டியாச்சு என்றார். பேங்க் குறுஞ்செய்தியெல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். அவள் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னங்க..."

"கார்டு வேல செய்யலியா? சந்தனம் ஒட்டியிருக்கும். நல்லாத் தொடச்சிட்டுப் போடு."

அவள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

அவர் செல்போன் பழுது பார்க்கிறவர். போன ஆயுத பூஜைக்குக் கடையில் ஒரு போனின் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் அவள் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். கரண்ட் ஓடுற எடத்துல ஈரம் படலாமா, முதுகுல வையி, முதுகுல!

கார்டைத் திருப்பினாள். முதுகில் ஒரு பொட்டுகூட இல்லை.

பணம் போனால் போகட்டும். கற்பூரம் காட்டியல்லவா ஏமாற்றியிருக்கிறார். அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டாளே.

"தொடச்சியா?" என்றார் அவர்.

துடைத்தாயிற்று என்றால் இன்னொரு காரணம் சொல்வார். அதையும் தயாராக வைத்திருப்பார்.

"தொடைக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜெசிந்தா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே வந்தாள்.

"என்ன டீச்சர், பணம் வரலியா?"

அவள் நகக்கண்ணில் மஞ்சளாக ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள்.

"டீச்சர், உங்க மாடி இன்னும் காலியாத்தானே கெடக்கு?"