பொய் மணி

கணினிகளைக் கண்காணித்து, கோளாறென்றால் மணியடிக்கும் அந்த இலவச மென்பொருளைச் சுகந்திதான் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தாள். ஆபீஸ் விட்டு வந்து பழைய நிரலைப் பிரித்துத் திருத்தி எழுதியதில் இடுப்பு ஒடிந்துபோனது. ஆனாலும், காரணமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்த பொய் மணியை ஒருவழியாக ஒழித்துவிட்டாள். புதுப் பதிப்பு வெளியானதும் முன்பின் தெரியாத ஒருவன் போனில் அழைத்தான். பாராட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

"அக்கா, அந்த மணிய திரும்பப் போட முடியுமா?"

"அது சும்மா சும்மா அடிச்சுதேப்பா."

"தெரியும்க்கா. என் கம்ப்யூட்டர் எங்கப்பா வீட்ல கிடக்கு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. அது அடிச்சாதான், 'உன் மிஷின் கத்துது'ன்னு போன் பண்ணுவாரு."

சுகந்தி எரியும் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அழித்த வரிகளை மறுபடி திறந்தாள்.

"எப்பெப்ப கத்தணும்?"